வாசலுக்கு மேல் ஒரு தட்டைக் கூரை: அக்கா வீட்டில் செய்ததும், செய்துவிட்டுத் திருத்தியதும்

கடலூரில் அக்கா வீட்டு வாசல் கதவு ஊதிப்போய் மூட முடியாமல் நின்றதில்தான் இந்த வேலை தொடங்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, கடலூர் அங்கிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். வீடு கிழக்கு பார்த்தது. வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கமிருந்துதான் காற்றோடு வந்து அறையும். இரண்டு நாள் முழுக்க நனைந்த தேக்குக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது, மாமா தோளால் முட்டித்தான் திறந்தார், அப்புறம் மூட முடியவில்லை, ராத்திரி கயிறு போட்டுக் கட்டி வைத்தார்கள். மறுநாள் போன். "மாப்ள, வாசலுக்கு மேல ஒரு கூரை போட்டே ஆகணும்."

நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இருபது வருடமாகச் சின்னச் சின்ன வீட்டு வேலைகள் எடுத்துச் செய்கிறவன். இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது தெருவுக்குத் தெரு எல்லாரும் எலிவேஷனை, அதாவது வீட்டின் முன்தோற்றத்தை, மாற்றுகிறேன் என்று பழைய வீட்டு வாசலில் தட்டையாக ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் பாதிப் பேருக்கு அந்த நீட்டலைப் பின்னால் எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. எனக்கும் சில இடங்களில் தவறியது. அதையும் சொல்கிறேன்.

முதலில் வீடு. 1996-ல் கட்டியது, தூண், பீம் எதுவும் கிடையாது, 9 அங்குலச் செங்கல் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. கதவு 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம். கதவுக்கு மேலே தனியாக ஒரு லிண்டல் (திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்), இரண்டு பக்கமும் முக்கால் அடி சுவரில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டைச் சுற்றி ஓடும் லிண்டல் இல்லை, ஒவ்வொரு கதவு ஜன்னலுக்கும் தனித்தனி. அந்த லிண்டலோடு சேர்த்து வார்த்த ஒன்றரை அடி சன்ஷேடு, 3 அங்குல கனம். கடலோர வீடுகளில் வழக்கமாகப் பார்ப்பதுதான் அதன் அடியிலும்: பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பழுப்புக் கோடாக வெளியே தெரிந்தது.

மாமாவின் செல்போனில் ஒரு படம். புதுச்சேரியில் ஏதோ ஒரு புது வீட்டு வாசல். ஆறு அடி அகலம், நாலு அடி நீட்டல், கத்தி மாதிரி மெல்லிசாக, தட்டையாக, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல். "இதே மாதிரி வேணும்." தெருவில் வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவர் யோசனை: சன்ஷேடின் முனையை உடைத்துக் கம்பியை வெளியே எடுப்பது, அதோடு புதுக் கம்பியை வெல்டு வைத்து நீட்டுவது, முட்டு கொடுத்துக் கான்கிரீட் போடுவது. இரண்டு நாள் வேலை, 25 ஆயிரம் ரூபாய். மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும் தளத்தை கேண்டிலீவர் என்கிறோம். அதன் நீளம் கூடினால் எடை மட்டும் கூடுவதில்லை, அந்த எடை சுவரிலிருந்து தள்ளிப் போய் நிற்கிறது. அதனால் சுவரைப் பிய்த்துக்கொண்டு கவிழப் பார்க்கும் விசை நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். ஒன்றரை அடியை நாலு அடியாக்கினால் ஏழு மடங்கு. கனத்தை 3 அங்குலத்திலிருந்து 4 ஆக்கினால் இன்னும் கூட. அக்கா வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 4 அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு 250 கிலோ, பூச்சும் மேல் வாட்டமும் ஒரு 50, யாராவது ஏறினாலோ எதையாவது வைத்தாலோ என்று விதி சொல்லும் 75. ஆக 375. அதை 1.2 மீட்டர் நீட்டினால் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கவிழ்க்கும் விசை 270 வரும் (கிலோவை மீட்டரால் பெருக்கிய அளவு, அலகைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு தட்டிலும் அதே அலகுதான்). பழைய சன்ஷேடுக்கு இதே கணக்கு 32-தான்.

இன்னொரு தட்டில் என்ன இருக்கிறது? லிண்டலுக்கு மேலே 3 அடி சுவர், மாடியின் கைப்பிடிச்சுவர், மேல்தளத்தில் அந்தச் சுவருக்கு வரும் பங்கு, எல்லாம் கூட்டினால் மீட்டருக்கு ஒரு 1,100 கிலோ. கேட்க நிறைய. ஆனால் அந்த எடை சுவரின் நடுவில் நிற்கிறது, சுவரின் முன் விளிம்புக்கும் அதற்கும் இடையே 11.5 சென்டிமீட்டர்தான். பெருக்கினால் 126. 270-க்கு எதிராக 126. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 இதைவிடக் கண்டிப்பு, பிடித்துக்கொள்ளும் எடையில் 0.9 பங்கைத்தான் கணக்கில் எடுக்கச் சொல்லும், கவிழ்க்கும் பக்கத்தைப் பெருக்கி வைக்கச் சொல்லும். அதற்குள் போகவே தேவையில்லை, சாதாரணக் கூட்டல் கழித்தலிலேயே தோற்றுவிட்டது.

மேஸ்திரி சும்மா இருப்பாரா? "சார், நான் நூறு போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல." உண்மையாகவே போட்டிருப்பார். புது வீட்டில் மேல்தளத்தோடு சேர்த்து வார்க்கும்போது உள்ளே இருக்கும் தளத்தின் கம்பியே வெளியே நீண்டு வரும், பின்னால் பத்தடித் தளம் முழுக்க அதைப் பிடித்துக்கொள்ளும், அல்லது வீட்டைச் சுற்றி ஓடும் பீம் முறுக்கைத் தாங்கும். மாமா காட்டிய படத்தில் இருப்பதும் அப்படித்தான் இருக்கும். படத்தில் பின்பக்கம் தெரியாது. பழைய லிண்டலின் முனையில் நாலு கம்பியை ஒட்டவைப்பது வேறு ஜாதி வேலை, இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். கேண்டிலீவரில் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுபடுவது மேல்பக்கம். சாதாரணத் தளத்தில் நடுவில் கம்பி அடியில் போட்டுப் பழகிய கை இங்கேயும் அடியில் போட்டுவிடும். மேலே சரியாகக் கட்டியிருந்தாலும் கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்து அமுக்கிவிடுவார்கள். 4 அங்குலத் தளத்தில் கம்பி ஒன்றரை அங்குலம் கீழே இறங்கினால் தாங்கும் திறனில் பாதி போய்விடும். இப்படிப்பட்ட சன்ஷேடுகள் பெரும்பாலும் முட்டு பிரிக்கிற அன்றைக்குத்தான் விழும், அடியில் நின்று முட்டைத் தட்டுகிறவர் மேலேயே. அவர் தலையாட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் "சரி, இந்த வேலை நமக்கு இல்லை" என்பதுதான்.

அப்படியானால் முன்னால் இரண்டு தூண்? கான்கிரீட்தான் வேண்டுமென்றால் அதுதான் நேர்மையான வழி. எடை தூண் வழியாக மண்ணுக்குப் போய்விடும், சுவரை யாரும் பிய்க்கப்போவதில்லை. அதற்கு அஸ்திவாரம் தோண்ட வேண்டும், புது அஸ்திவாரம் கொஞ்சம் இறங்கும், பழைய வீடு இறங்காது, சேரும் இடத்தில் விரிசல் விடும், அதனால் அந்த இடத்தில் இரண்டையும் ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும். இதெல்லாம் செய்யலாம். ஆனால் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: "வாசல்ல தூண் குத்து வரக் கூடாது." தூண் கதவுக்கு நேரே வராது, ஓரத்தில்தான் வரும் என்று வரைந்தே காட்டினேன். "யாரு அளந்து பார்த்தா?" என்றார்கள். மாமாவுக்கும் ஸ்கூட்டரைத் திருப்ப இடம் போய்விடும் என்ற கவலை. தூண் அதோடு போயிற்று.

கெமிக்கல் ஆங்கர் வைத்துப் புதுக் கம்பியை நட்டுவிடலாமே என்று மாமாவே எங்கேயோ பார்த்துவிட்டு வந்து கேட்டார். நல்ல கேள்வி. 10 மில்லிமீட்டர் கம்பிக்கு 14 மில்லிமீட்டர் துளை, தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, பசையை உள்ளிருந்து வெளியே வருமாறு நிரப்பிக் கம்பியைச் சுழற்றிச் செருகினால் கம்பி வரவே வராது. ஆனால் அது கான்கிரீட்டுக்கு. கம்பி லிண்டலை விட்டு வராது என்பது சரி, லிண்டலே சுவருக்குள் திரும்பிக்கொள்ளுமே? பிடிமானம் பசையில் மட்டும் இருந்தால் போதாது. ஓரத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தோம், லிண்டலின் உயரம் 6 அங்குலம். அதன்மேல் 500 கிலோவைத் தொங்கவிட நான் தயாரில்லை. (6 அடிக்கு 4 அடி, 4 அங்குலக் கனத்தில் கான்கிரீட் மட்டும் 540 கிலோ வரும்.)

ஆக, இரும்பு. 2 அங்குலச் சதுரக் குழாயில் சட்டம், மேலே அலுமினியத் தகடு, அடியில் சிமெண்ட் ஃபைபர் போர்டு, முன்பக்கமும் ஓரமும் 5 அங்குல உயரத்துக்கு ஏ.சி.பி. (அலுமினியக் காம்போசிட் பேனல்) பட்டை. நீட்டலை நாலிலிருந்து மூன்றரை அடியாகக் குறைக்க மாமாவைச் சம்மதிக்க வைத்தேன். மொத்த எடை 75 கிலோ சுமார். கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன், அங்கேதான் அடுத்த சிக்கல்.

கனமான தளம் கீழே விழுமோ என்பதுதான் கவலை. லேசான கூரை என்றால் மேலே பறந்துவிடுமோ என்பதும் கவலை. கட்டடச் சுமைகளுக்கான தரநிலை ஐ.எஸ். 875-இன் காற்று வரைபடத்தில் சென்னை, புதுச்சேரி எல்லாம் வினாடிக்கு 50 மீட்டர் காற்று மண்டலம். அந்தக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அது சுவரில் மோதி மேலே திரும்பும்போது நம் கூரை குறுக்கே நிற்கிறது. இரண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கூரையைக் கிட்டத்தட்ட 285 கிலோ மேலே தள்ளும், கூரையின் எடை 75 போக 210 கிலோ மேல்நோக்கி. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை, பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரிக் காடும் படுத்துக் கிடந்ததை அவர்களே பார்த்திருப்பார்கள்.

நான் முதலில் வரைந்தது ஓட்டல் வாசல்களில் இருக்கிற மாதிரி, கூரையின் முன் ஓரத்திலிருந்து சுவருக்குச் சாய்வாக இரண்டு மெல்லிய கம்பி. பார்க்க அழகாக இருக்கும், மாமாவுக்கும் பிடித்திருந்தது. யாராவது மேலே ஏறி நின்றால் கம்பி இழுபடும், 80 கிலோ ஆள் முன் மூலையில் நின்றால் ஒரு கம்பியில் சுமார் 225 கிலோ, அதற்குப் பத்து மில்லிமீட்டர் கம்பி தாராளம். ஆனால் காற்று கீழிருந்து தள்ளும்போது அதே கம்பி அழுந்துகிறது. எங்கள் கணக்கில் ஒவ்வொன்றிலும் சுமார் 120 கிலோ அழுத்தம். சாய்வாகப் போவதால் கிட்டத்தட்ட நாலு அடி நீளம் வரும் 10 மில்லிமீட்டர் கம்பி 70 கிலோவிலேயே வில்லாக வளைந்துவிடும். கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியுமா? அதே கதைதான். வரைபடத்தை மாற்றி ஒன்றரை அங்குலக் குழாய் வைத்தேன். அழகு கொஞ்சம் குறைந்தது, மாமா ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார்.

மாசியில் வேலை தொடங்கினோம். முதல் நாள் பழைய சன்ஷேடை அறுப்பது. அடியில் முட்டு கொடுத்து, சுவரை ஒட்டி டயமண்ட் பிளேடு போட்டு, ஒரு அடி ஒரு அடியாக அறுத்து இறக்கினோம். முதல் துண்டைக் கீழே வைத்ததும் அறுத்த முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன். 3 அங்குல கனத்தில் கம்பிகள் அடியிலிருந்து முக்கால் அங்குலத்தில் வரிசையாக, துருப்பிடித்த காசு மாதிரி தெரிந்தன. மேல்பக்கம் ஒரு கம்பிகூட இல்லை. 1996-ல் யாரோ தளத்துக்குப் போடுகிற மாதிரியே அடியில் போட்டுவிட்டார்கள். இருபத்தெட்டு வருடம் அது நின்றது ஒன்றரை அடி நீளம் என்பதால்தான், கம்பியால் இல்லை. அந்தக் கம்பியின் முனையில்தான் நாலு அடியை வெல்டு வைக்க இருந்தார்கள். மாமா குனிந்து விரலால் அந்தக் கம்பி முனையைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். அந்தத் துண்டை எடுத்துவைத்திருக்கிறேன், இப்போது என் சைட் ஆபீஸ் கதவுக்கு முட்டுக்கல் அதுதான்.

சுவரில் பிடிமானத்துக்கு விரிந்து பிடிக்கும் சாதாரண ஆங்கர் போல்ட்டை நான் நம்பவில்லை. நாட்டுச் செங்கல், பழைய சாந்து. துளை போடும்போது வரும் தூளைப் பார்த்தாலே புரியும்: சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலாக மாறினால் டிரில் சாந்துக்குள் போய்விட்டது, அதில் போல்ட் விரிந்தால் செங்கல்லையே தளர்த்தும். அதனால் சுவரை ஊடுருவி 16 மில்லிமீட்டர் கால்வனைஸ்டு போல்ட், ஹாலின் உள்பக்கம் 6 அங்குலச் சதுரத்தில் 8 மில்லிமீட்டர் தகடு. கீழே சட்டத்துக்கு நாலு, மேலே குழாய்களுக்குத் தலா இரண்டு. லிண்டலைத் துளைக்கவே இல்லை, சட்டத்தை அதற்கு மேலே 7 அடி 9 அங்குலத்தில் உட்காரவைத்தேன். போல்ட் துளை வெளியிலிருந்து உள்ளே கொஞ்சமாவது மேல்நோக்கிப் போக வேண்டும், இல்லையென்றால் மழைத் தண்ணீர் அந்த வழியாக ஹாலுக்கு வரும். கடைசி இரண்டு அங்குலத்தை ஹால் பக்கமிருந்து துளைக்க வேண்டும், வெளியிலிருந்தே குத்தினால் உள்ளே தட்டு அளவுக்குப் பூச்சு பெயரும். இதை இரண்டாவது துளையில் கற்றுக்கொண்டோம். முதல் துளையில் பெயர்ந்த பூச்சுக்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உள்ளே தகடு தெரியுமே என்பதுதான் அக்காவின் பெரிய புகார். கீழ்த் தகடுகள் நாலையும் ஒரு மரப் பலகை போட்டு மூடி அதில் சாவி மாட்டும் கொக்கி அடித்துக் கொடுத்தேன். மேல் இரண்டில் ஒன்று சரியாக அப்பா படம் மாட்டியிருந்த இடத்தில் வந்தது. படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றியதும் தகடு பின்னால் மறைந்துவிட்டது. இன்னொன்றை முருகன் காலண்டர் பார்த்துக்கொள்கிறது.

சட்டத்தைப் பட்டறையில் செய்து உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுத்தோம், ஹாட் டிப் என்பார்கள். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ரெட் ஆக்சைடு அடித்த இரும்பு ரொம்ப நாள் தாங்காது. வெல்டர் குழாய் முனைகளை அழகாக மூடி வைத்திருந்தார். நல்லவேளை அனுப்புவதற்கு முன்னால் பார்த்தேன். மூடிய குழாய்க்குள் ஈரமும் காற்றும் இருந்தால் 450 டிகிரித் தொட்டியில் இறங்கும்போது அது வெடிக்கும், ஆளைக் கொல்லும் வெடிப்பு. ஒவ்வொரு குழாயிலும் முனைக்குப் பக்கத்தில் துளை போட்ட பிறகுதான் அனுப்பினோம். பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தட்டை என்ற பேச்சு. தட்டைக் கூரை எதுவும் உண்மையில் தட்டை இல்லை, இருக்கவும் கூடாது. புதுச்சேரியின் பழைய தமிழ்த் தெரு வீடுகளில் திண்ணைக்கு மேலே தாழ்வாரம் தெருவை நோக்கிச் சாய்ந்து இறங்கும், தண்ணீர் தன் பாட்டில் ஓடிவிடும், யாரும் யோசிக்க வேண்டியதில்லை. தட்டையாகத் தெரிய வேண்டும் என்றால் வாட்டத்தை ஒளித்து வைக்க வேண்டும். 5 அங்குல ஏ.சி.பி. பட்டைக்கு உள்ளே தகட்டை முன்பக்கமாக முக்கால் அங்குலம் சரித்தேன், முன் ஓரத்தில் தண்ணீர் வழிந்து சொட்டட்டும் என்று விட்டேன். சுவர்ப் பக்கம் சரிக்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தேனே தவிர, சொட்டுகிற தண்ணீர் எங்கே விழும் என்று யோசிக்கவில்லை.

சித்திரையில் ஒரு கோடை மழை, அரை மணி நேரம். அக்கா வீடியோ அனுப்பினாள். வாசலுக்கு முன்னால் கண்ணாடித் திரை மாதிரி தண்ணீர் விழுகிறது, விழும் இடம் அவள் கோலம் போடுகிற இடத்துக்கு நட்டநடு, தெறிக்கிற தண்ணீர் படியைத் தாண்டிக் கதவின் அடியில். கதவை நனையாமல் காப்பாற்ற வந்த கூரை கதவின் அடிப்பக்கத்தை நனைத்துக்கொண்டிருந்தது. "இதுக்கு முன்னாடி வெறும் மழைதான்டா பெய்யும், இப்ப அருவி கொட்டுது" என்றாள். ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மேல் தகட்டைக் கழற்றி, அடியில் ஆப்புக் கட்டைகளை மாற்றி, வாட்டத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். 6 அடிக்கு ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. முன் ஓரத்தில் தகட்டை ஒன்றரை அங்குலம் மேலே மடித்து அணை மாதிரி ஆக்கி, தெற்கு மூலையில் 2 அங்குலப் பைப் வைத்து, ஸ்கூட்டர் நிற்காத பக்கம் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துக்கும் தெருவுக்கும் தண்ணீர் போகாமல் நம் எல்லைக்குள்ளேயே விட வேண்டும், அதில் வருகிற சண்டை கூரைச் செலவைவிடப் பெரிது. அளவு பற்றிக் கவலை இல்லை: மணிக்கு 10 சென்டிமீட்டர் கொட்டினாலும் இந்தக் கூரையில் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான், மேலே சுவரில் அறைந்து வழிகிற தண்ணீரைச் சேர்த்தாலும் அந்தப் பைப் வாங்கிக்கொள்ளும்.

பைப் அடைபடாமல் இருக்கிறவரை. வாசலில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. விளிம்புகளை உயர்த்திக் கட்டிவிட்டு வாயை அடைத்தால் தட்டைக் கூரை ஒரு தொட்டி. இந்த அளவுக் கூரையில் 4 அங்குலம் தண்ணீர் நின்றால் 190 கிலோ, கூரையின் சொந்த எடையைப்போல் இரண்டரை மடங்கு. அதனால்தான் முன் மடிப்பை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விடவில்லை. அதிலும் ஓர் அங்குல உயரத்தில் ஒரு சின்னக் குழாய், வெளியே நீட்டிக்கொண்டு, கதவுக்கு நேரே விழாமல். பெரிய பைப் அடைத்தால் இந்தக் குழாயில் தண்ணீர் ஊற்றும், வாசலில் நிற்கிறவருக்கு உடனே தெரியும், ஏணி எடுத்து இலையை அள்ளிவிடலாம். ஆடியில் ஒருமுறை அப்படி ஊற்றியது, அக்கா மகன் ஏறி ஒரு கைப்பிடி வேப்பங்குச்சியை எடுத்தான்.

இந்தத் திருத்தத்தில் இரண்டு இடத்தில் சைட்டிலேயே வெல்டு வைக்க வேண்டி வந்தது, அங்கே துத்தநாகப் பூச்சு எரிந்துவிட்டது. தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு துத்தநாகம் கலந்த பெயிண்டை இரண்டு முறை அடித்தேன். ஒன்றில் அவசரப்பட்டிருக்க வேண்டும், புரட்டாசியிலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எட்டிப் பார்த்தது. மறுபடி தேய்த்து அடித்தாயிற்று. முதல் தடவையே சரியாக வரைந்திருந்தால் அந்த வெல்டே தேவைப்பட்டிருக்காது.

சுவரும் கூரையும் சேரும் இடத்துக்கு வெறும் சீலண்டை நம்பாதீர்கள். சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கட்டரால் காடி எடுத்து, தகட்டின் பின் விளிம்பை 5 அங்குலம் மேலே மடித்து, அதன் மேல் இன்னொரு தகட்டுப் பட்டையைக் காடிக்குள் செருகி, அப்புறம்தான் பி.யு. (பாலியூரிதேன்) சீலண்ட். சுவரில் வழிகிற தண்ணீர் பட்டையின் மேல் இறங்கிக் கூரைத் தகட்டுக்குப் போகும், சீலண்ட் விட்டாலும் உள்ளே வராது. சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் ஒட்டாது.

சின்ன விஷயங்கள் சில. மின்சார சர்வீஸ் ஒயர் சரியாகக் கூரை வரும் இடத்தின் குறுக்கே போனது, அதை மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆளே வந்து தள்ளிப் போட்ட பிறகுதான் ஏணியே வைத்தோம். விளக்குக்கான குழாயைப் போர்டு மூடுவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். செலவு, திருத்தம் எல்லாம் சேர்த்து 40 ஆயிரத்தைத் தொட்டது, மேஸ்திரி சொன்னதைவிட 15 ஆயிரம் கூட.

சரி, கதவு நனைகிறதா? நனைகிறது. இதை மாமாவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன், அவர் நம்பவில்லை. 7 அடி 9 அங்குல உயரத்தில் மூன்றரை அடி நீட்டினால், நேராகப் பெய்யும் மழைக்கு அது குடை. காற்றில் 45 டிகிரி சாய்ந்து வரும் மழைக்குக் கதவின் கீழ் நாலே கால் அடி அப்படியே திறந்துதான் கிடக்கும். அவர் கேட்ட நாலு அடியைக் கொடுத்திருந்தாலும் அரை அடிதான் மிச்சமாகியிருக்கும். ஐப்பசியில் அடித்த மழையில் அதுதான் நடந்தது, மேல்பாதி காய்ந்து, கீழ்பாதி ஈரம், நடுவில் கோடு போட்ட மாதிரி.

ஆனால் இந்தமுறை கதவு ஊதவில்லை. அதற்குக் கூரை மட்டும் காரணமில்லை. பங்குனியில் கதவைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தபோது அடி விளிம்பில் ஒரு சொட்டு பெயிண்ட்கூட இல்லை, வெறும் மரம். மரத்தின் நரம்பு முனைகள் அங்கேதான் திறந்திருக்கின்றன, தண்ணீரை உறிஞ்சுவதும் அங்கேதான். கதவை மாட்டிய பிறகு பெயிண்ட் அடிப்பவர்கள் அந்த விளிம்பைத் தொடுவதே இல்லை, கையும் போகாது, கண்ணுக்கும் தெரியாது. பிரைமர் ஒன்று, எனாமல் மூன்று அடித்து, வெளிப்பக்கம் தண்ணீர் தள்ளி விழ ஒரு அலுமினியப் பட்டையும் வைத்தேன். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. இதை மட்டும் செய்திருந்தாலே போதுமா என்று அக்கா கேட்டாள். கதவுக்குப் போதும், சாவியைத் தேடிக்கொண்டு மழையில் நிற்கிறவனுக்குப் போதாது என்றேன்.

மாமாவுக்கு இப்போது அந்தக் கூரையின் மேல் ஏசியின் வெளி யூனிட்டை வைக்கலாமா என்று யோசனை வந்து, வேண்டாம் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார். போன வாரம் மறுபடி போன். பின்வாசலுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம், அதே பட்டறை, அதே அளவு, வரைபடம்தான் இருக்கிறதே என்கிறார். பின்வாசல் சுவர் நாலரை அங்குலம்.